இரைச்சலில் மறைந்த அமைப்பு: சமவாய்ப்பு அணிகளில் கண்டறிதலின் எல்லை

சமவாய்ப்பு அணிகளில் கண்டறிதலின் எல்லை என்பது, இரைச்சல் நிறைந்த ஒரு பெரிய எண் அட்டவணைக்குள் மறைந்திருக்கும் ஒழுங்கை எந்த அளவு வரை கண்டுபிடிக்க முடியும் என்பதைக் கூறும் கணித முடிவுகளின் தொகுப்பாகும். இரைச்சல் கூடக் கூட உள்ளிருக்கும் ஒழுங்கு சிறிது சிறிதாக மங்கும் என்றே பொதுவாக எதிர்பார்க்கப்படும். மிகப் பெரிய அணிகளில் அவ்வாறு நடப்பதில்லை. ஒழுங்கின் வலிமை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அது தனித்துத் தெரிகிறது. அந்த அளவுக்குக் கீழே, ஒழுங்கு உள்ளே இருந்தபோதும், அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு வெறும் இரைச்சலில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது.

இந்த எல்லை புள்ளியியல், இயற்பியல், கணினி அறிவியல் ஆகிய துறைகளில் தனித்தனியே தென்பட்டது. அவை யாவும் ஒரே எல்லையின் வெவ்வேறு வடிவங்கள் என்பது 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. ஒரு தரவில் 'அமைப்பு இல்லை' என்பதும் 'இருக்கும் அமைப்பு இத்தரவில் தெரியாது' என்பதும் வெவ்வேறு முடிவுகள். அவற்றைப் பிரிக்கும் கோட்டை எண்ணால் குறிக்க முடிந்ததே இந்த வரலாற்றின் சாரம்.

அடிப்படைக் கருத்துகள்

அணி என்பது நிரைகளாகவும் நிரல்களாகவும் எண்களை அடுக்கிய அட்டவணை. அணியின் உறுப்புகள் நிகழ்தகவு விதிப்படி அமைந்தால் அது சமவாய்ப்பு அணி எனப்படும். ஓர் அணியால் ஒரு திசையனைப் பெருக்கும்போது பொதுவாக அதன் நீளமும் திசையும் மாறும். திசை மாறாமல் நீளம் மட்டும் சில மடங்காக மாறினால் அது ஐகன் திசையன். அந்த மடங்கே ஐகன் மதிப்பு.

தரவுப் பகுப்பாய்வில் இக்கருத்து முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற முறையின் வழியே நுழைந்தது. 1901இல் கார்ல் பியர்சனும் 1933இல் ஹெரால்ட் ஹோட்டலிங்கும் இம்முறையை உருவாக்கினர். தரவுப் புள்ளிகள் எந்தத் திசையில் மிக அதிகமாகச் சிதறியுள்ளன என்று கண்டு, அத்திசையைத் தரவின் முதன்மைப் போக்காக இம்முறை எடுத்துக்கொள்கிறது. மாறிகளின் உடன்மாறுபாட்டைக் காட்டும் அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்புக்கு உரிய திசையே அது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எந்த ஒழுங்கும் இல்லாத தரவிலும் ஏதேனும் ஒரு திசை மற்றவற்றைவிட முந்தி நிற்கும். அந்தத் திசை உண்மையான போக்கா, தற்செயலா என்பதை அறிய, வெறும் இரைச்சலின் ஐகன் மதிப்புகள் எவ்வாறு பரவியிருக்கும் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

வெறும் இரைச்சலின் வடிவம்

1928இல் ஜான் விஷார்ட் என்ற புள்ளியியலாளர், இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த மாதிரிகளின் உடன்மாறுபாட்டு அணி எந்த நிகழ்தகவுப் பரவலைப் பின்பற்றும் என்று கண்டறிந்தார். 1939இல் அவ்வணியின் ஐகன் மதிப்புகளுக்கான கூட்டுப் பரவலை ரொனால்ட் ஃபிஷர், கிர்ஷிக், சீனாவைச் சேர்ந்த சூ, கல்கத்தாவில் பணியாற்றிய சமரேந்திர நாத் ராய் ஆகியோர் தனித்தனியே வெளியிட்டனர். சூத்திரம் துல்லியமானது. ஆனால் மாறிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறினால், மிகப் பெரிய ஐகன் மதிப்பு எங்கே நிற்கும் என்பதை அதிலிருந்து நேரடியாகப் படித்தறிவது கடினம்.

அடுத்த பெரிய முன்னேற்றம் அணுக்கரு இயற்பியலிலிருந்து வந்தது. யுரேனியம் போன்ற கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகள் மிக நெருக்கமாகவும் சிக்கலாகவும் இருந்தன. குவாண்டம் இயக்கவியலின்படி அந்த ஆற்றல் நிலைகள் ஒரு பேரணியின் ஐகன் மதிப்புகள். அவ்வணியின் உறுப்புகளைக் கணக்கிட வழியில்லாத நிலையில், உறுப்புகளைச் சமவாய்ப்பு எண்களாகவே எடுத்துக்கொண்டால் என்ன என்று யூஜின் விக்னர் சிந்தித்தார். 1955இலும் 1958இலும் வெளியான அவருடைய கட்டுரைகள் அரைவட்ட விதியைத் தந்தன. அணி பெரிதாகும்போது ஐகன் மதிப்புகளின் அடர்த்தி ஓர் அரைவட்ட வடிவத்தை நெருங்கும் என்பதே அவ்விதி.

ஓர் எடுத்துக்காட்டு: 10,000 நிரைகளும் 10,000 நிரல்களும் கொண்ட சமச்சீர் அணி ஒன்றில், ஒவ்வோர் இடத்தையும் நாணயம் சுண்டி +1 அல்லது −1 என நிரப்புவதாகக் கொள்வோம். 10,000இன் வர்க்கமூலம் 100. ஐகன் மதிப்புகள் ஏறத்தாழ −200க்கும் +200க்கும் இடையே, அதாவது வர்க்கமூலத்தின் இருமடங்கு வரை, பரவி நிற்கும். நாணயம் எத்தனை முறை புதிதாகச் சுண்டப்பட்டாலும் இந்த விளிம்பு பெரிதாக அசைவதில்லை. இதை இரைச்சல் பட்டை எனலாம்.

புள்ளியியலில் பயன்படும் அணிகளுக்கான இதே வகை விதியை 1967இல் அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரைச் சேர்ந்த விளாடிமிர் மார்ச்சென்கோவும் லியோனிட் பாஸ்தூரும் நிறுவினர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 100 மாறிகள், ஒவ்வொன்றின் பரவற்படியும் 1, மாதிரிகள் 400 என்று கொள்வோம். உண்மையான ஐகன் மதிப்புகள் அனைத்தும் 1. ஆனால் மாதிரியிலிருந்து கணக்கிடும் ஐகன் மதிப்புகள் 0.25 முதல் 2.25 வரை பரவும். மாதிரிகளும் 100 மட்டுமே என்றால் அப்பரவல் 0 முதல் 4 வரை விரியும். மாறிகளின் எண்ணிக்கை மாதிரிகளின் எண்ணிக்கையை நெருங்க நெருங்க, இல்லாத போக்குகள் இருப்பதுபோல் தோன்றும் என்பதை இவ்விதி காட்டியது. அதே 1967இல் மதன் லால் மேத்தா சமவாய்ப்பு அணிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அது இத்துறையின் அடிப்படை நூலாக நிலைத்தது.

தனித்து நிற்கும் ஐகன் மதிப்பு

இரைச்சலின் வடிவம் தெரிந்த பின் எழும் கேள்வி: இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கைப் புதைத்தால் என்ன ஆகும்?

1976இல் சாம் எட்வர்ட்ஸும் ஜோன்ஸும், உறுப்புகளின் சராசரி சுழியாக இல்லாத சமவாய்ப்பு அணிகளை ஆராய்ந்தனர். உறுப்புகளின் சராசரி சுழியிலிருந்து விலகுவது எல்லா இடங்களிலும் பரவிய மெல்லிய ஒழுங்கைச் சேர்ப்பதற்குச் சமம். அந்த ஒழுங்கின் வலிமை ஓர் அளவைத் தாண்டியதும் ஓர் ஐகன் மதிப்பு மட்டும் அரைவட்டத்திலிருந்து பிரிந்து வெளியே நிற்பதை அவர்கள் கண்டனர். அதே ஆண்டில் கோஸ்டர்லிட்ஸ், தவுலெஸ், ஜோன்ஸ் ஆகியோர் ஸ்பின் கிளாஸ் எனப்படும் ஒழுங்கற்ற காந்தப் பொருளுக்கான ஒரு மாதிரியில் இதையொத்த மாற்றத்தைக் கண்டனர். அங்கே அது, பொருள் முழுவதும் ஒரே திசையில் காந்தமாகும் நிலைக்கு மாறுவதாக வெளிப்பட்டது. 1981இல் ஃப்யூரெடி, கோம்லோஷ் என்ற அங்கேரியக் கணிதவியலாளர்கள், சராசரி சுழியைவிட அதிகமான நிலையான எண்ணாக இருக்கும்போது பிரிந்து நிற்கும் அந்த மதிப்பின் பரவலை நிறுவினர்.

1990களில் இதே எல்லை கற்கும் இயந்திரங்களைப் பற்றிய ஆய்வில் தோன்றியது. இரைச்சல் கலந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து மறைந்த திசையொன்றைக் கற்கும் சிக்கலை 1994இல் பீல், மிட்ஸ்னர் ஆகியோரும் வாட்கின், நடால் ஆகியோரும் புள்ளியியல் இயற்பியல் வழியில் ஆராய்ந்தனர். எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும் வரை எதுவுமே கற்கப்படுவதில்லை. அதற்குப் பிறகே கற்றல் தொடங்குகிறது என்று தெரிந்தது. இது தாமதக் கற்றல் என அழைக்கப்பட்டது. புள்ளியியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட கேள்வியும் இதுவும் ஒன்றே என்பது அப்போது பரவலாக உணரப்படவில்லை.

பைக்–பென் அரூஸ்–பேஷே நிலைமாற்றம்

1994இல் கிரெய்க் ட்ரேசியும் ஹெரால்ட் விடோமும், வெறும் இரைச்சலில் மிகப் பெரிய ஐகன் மதிப்பு பட்டையின் விளிம்பைச் சுற்றி எவ்வாறு ஏறி இறங்கும் என்பதற்கான பரவலைக் கண்டனர். 2001இல் இயன் ஜான்ஸ்டோன் அப்பரவலை முதன்மைக் கூறு பகுப்பாய்வுடன் இணைத்தார். இரைச்சலுக்கு மேலாக ஒரு சில திசைகளில் மட்டும் பரவற்படி கூடுதலாக இருக்கும் கூர்முனை மாதிரியை அவர் அக்கட்டுரையில் முன்வைத்தார். எத்தனை உயரமான கூர்முனை கண்ணுக்குத் தெரியும் என்பதே அதிலிருந்து எழுந்த கேள்வி.

2005இல் ஜின்ஹோ பைக், ஜெரார் பென் அரூஸ், சாந்த்ரின் பேஷே ஆகிய மூவரும் சிக்கலெண் அணிகளுக்கு இதற்கு முழு விடை தந்தனர். அவர்கள் பெயராலேயே அது நிலைமாற்றம் எனக் குறிக்கப்படுகிறது. மெய்யெண் அணிகளுக்கான முடிவை 2006இல் பைக்கும் சில்வர்ஸ்டைனும் தந்தனர். ஐகன் திசையனுக்கு என்ன ஆகிறது என்பதை 2007இல் தேபாஷிஸ் பால் விளக்கினார். அதே ஆண்டில் ஃபெரால், பேஷே இருவரும் விக்னர் வகை அணிகளுக்கு இதை விரிவாக்கினர்.

மேற்சொன்ன 10,000 வரிசை அணியில் இதைக் காணலாம். அவ்வணியோடு ஒரே ஒரு திசையில் மட்டும் அமைந்த ஒழுங்கைக் கூட்டுவதாகக் கொள்வோம். அதன் வலிமை 80 என்றால், மிகப் பெரிய ஐகன் மதிப்பு அப்போதும் 200இன் அருகிலேயே நிற்கும். அதன் ஐகன் திசையனுக்கும் மறைந்த திசைக்கும் எந்த உறவும் இராது. வலிமை 100 என்பதே எல்லை. 125 ஆனால் மிகப் பெரிய மதிப்பு ஏறத்தாழ 205க்கு நகரும். இரு திசைகளுக்கும் இடையிலான கோணத்தின் கொசைன் வர்க்கம் 0.36 ஆகும். வலிமை 200 ஆனால் மதிப்பு 250க்கு வரும். கொசைன் வர்க்கம் 0.75. எல்லையைத் தாண்டிய பிறகும் கிடைக்கும் திசை உண்மைத் திசையின் சாய்ந்த நிழலே என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

உடன்மாறுபாட்டு அணிகளில் எல்லை, மாறிகளின் எண்ணிக்கைக்கும் மாதிரிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 100 மாறிகள், 400 மாதிரிகள் என்ற நிலையில் விகிதம் 1/4. அதன் வர்க்கமூலம் 1/2. எனவே ஒரு திசையின் பரவற்படி 1.5ஐத் தாண்டினால்தான் அது இரைச்சல் பட்டையிலிருந்து பிரியும். மற்றத் திசைகளைவிட 40 சதவீதம் கூடுதல் பரவற்படி கொண்ட உண்மையான போக்கு ஒன்று இருந்தாலும், அது பட்டைக்குள்ளேயே மூழ்கிவிடும்.

பங்குச் சந்தையும் மரபியலும்

இரைச்சல் பட்டையின் நடைமுறை விளைவு முதலில் கவனத்தை ஈர்த்த துறைகளுள் ஒன்று நிதித்துறை. 1999இல் லாலு, சிசோ, புஷோ, பாட்டர்ஸ் ஆகியோர் அமெரிக்காவின் எஸ்&பி 500 பட்டியலிலுள்ள 406 பங்குகளின் 1,309 நாள் விலை மாற்றங்களை எடுத்து ஒட்டுறவு அணியை உருவாக்கினர். மார்ச்சென்கோ–பாஸ்தூர் வளைகோட்டை அதன்மீது பொருத்தியபோது, ஏறத்தாழ 94 சதவீத ஐகன் மதிப்புகள் இரைச்சல் பட்டைக்குள் அடங்கின. பட்டைக்கு வெகு வெளியே நின்ற மிகப் பெரிய மதிப்பு, சந்தை முழுவதும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் குறித்தது. இடர் குறைந்த முதலீட்டுத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான முறை, சிறிய ஐகன் மதிப்புகளுக்கு உரிய திசைகளையே அதிகம் சார்ந்திருந்தது. அவையோ இரைச்சலால் மிகவும் பாதிக்கப்பட்டவை. காகிதத்தில் இடர் குறைவாகத் தோன்றிய தொகுப்பு நடப்பில் அப்படி இராது என்பதற்கு இது ஒரு காரணம்.

மரபியலில் 2006இல் நிக் பேட்டர்சன், அல்கெஸ் பிரைஸ், டேவிட் ரைக் ஆகியோர் இந்த எல்லையை மக்கள்தொகை ஆய்வுக்குக் கொண்டுவந்தனர். இரு மக்கள் குழுக்களுக்கு இடையேயான மரபணு வேறுபாடு எஃப்எஸ்டி என்ற அளவால் குறிக்கப்படுகிறது. ஆய்வுக்கு எடுத்த மனிதர்களின் எண்ணிக்கையையும் மரபணுக் குறிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தின் தலைகீழியைக் கண்டால் அதுவே எல்லை. 100 பேர், 10,000 குறிகள் என்றால் பெருக்கல் தொகை 10 இலட்சம், எல்லை 0.001. வேறுபாடு இதைவிடக் குறைவாக இருந்தால் முதன்மைக் கூறு பகுப்பாய்வு இரு குழுக்களையும் ஒரே குழுவாகவே காட்டும். குறிகளைப் பெருக்கி எல்லையைத் தாண்டியதும் பிரிவு தெளிவாகத் தோன்றும். ஆகவே 'இவ்விரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை' என்ற முடிவு எவ்வளவு தரவை வைத்துச் சொல்லப்பட்டது என்று கேட்பது அவசியமாயிற்று.

வலையமைப்புகளில் குழுக்கள்

நட்பு வலை, இணைய வலை போன்றவற்றையும் அணியாக எழுதலாம்: இருவருக்கு இடையே தொடர்பு இருந்தால் 1, இல்லையென்றால் 0. அதிலிருந்து மறைந்த குழுக்களைக் கண்டறியும் சிக்கலுக்கான மாதிரியை 1983இல் ஹாலண்ட், லாஸ்கி, லைன்ஹார்ட் ஆகியோர் அமைத்தனர். 2011இல் டெசெல், கர்சகாலா, மூர், ஸ்டெபோரோவா ஆகிய நால்வரும் இயற்பியல் முறைகளைக் கொண்டு, இதிலும் ஒரு கூர்மையான எல்லை இருக்க வேண்டும் என்று முன்கணித்தனர்.

சம அளவிலான இரு குழுக்களில், ஒருவருக்குத் தம் குழுவில் சராசரியாக 2 தொடர்புகளும் மற்றக் குழுவில் 0.5 தொடர்பும் உள்ளன என்று கொள்வோம். அதாவது ஐந்தில் நான்கு பங்கு தொடர்புகள் சொந்தக் குழுவுக்குள்ளேயே இருக்கின்றன. குழுப்பிரிவு வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்றே எவரும் நினைப்பர். ஆயினும் யாருக்கு யாரோடு தொடர்பு என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, யார் எக்குழு என்பதை நாணயம் சுண்டுவதைவிட நன்றாகச் சொல்ல எந்த முறையாலும் இயலாது. சொந்தக் குழுத் தொடர்புகள் 2.5 ஆக உயர்ந்தால் அது இயலும். எல்லைக்குக் கீழே இயலாது என்பதை மொசெல், நீமன், ஸ்லை ஆகியோர் நிறுவினர். எல்லைக்கு மேலே இயலும் என்பதை அவர்களும் லோரான் மசுலியேவும் தனித்தனியே நிறுவினர்.

இரண்டாவது எல்லை: கணக்கிடும் நேரம்

தகவல் போதுமான அளவு இருந்தும், அதை வெளியே எடுக்க நேரம் போதாமல் போகலாம். இதைத் தெளிவாகக் காட்டிய சிக்கல், புதைத்த முழு இணைப்புக் குழுவைத் தேடுவது. மார்க் ஜெரம் 1992இலும் லூடெக் குசெரா 1995இலும் இதை ஆராய்ந்தனர். 10,000 பேரில் எந்த இருவருக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது நாணயம் சுண்டி முடிவு செய்யப்படுகிறது. அத்தகைய வலையில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் தொடர்புடைய குழு தற்செயலாகத் தோன்றினால் அதில் 30 பேர்கூட இருக்கமாட்டார்கள். எனவே 60 பேர் கொண்ட குழுவைப் புதைத்தால், எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பவர் அதைக் கண்டுகொள்வார். ஆனால் சேர்க்கைகளின் எண்ணிக்கை எந்தக் கணினிக்கும் அடங்காது.

1998இல் அலோன், கிரிவெலெவிச், சுதாகோவ் ஆகியோர் ஐகன் திசையனைப் பயன்படுத்தி, குழுவின் அளவு வர்க்கமூல மட்டத்தில், அதாவது இங்கே 100 என்ற மட்டத்தில், இருந்தால் விரைவாகக் கண்டறியலாம் என்று காட்டினர். கூடுதல் சோதனைகளால் 100 என்பதை அதன் ஒரு பின்னமாகக் குறைக்கலாம். ஆனால் வர்க்கமூலம் என்ற அளவையே உடைக்கும் விரைவான வழி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அணியின் மொழியில் இது விக்னர் பட்டையின் அதே எல்லைதான்: புதைத்த குழு, தன் அளவுக்குச் சமமான வலிமையுள்ள ஒழுங்கை இரைச்சலோடு சேர்க்கிறது.

2013இல் பெர்தே, ரிகோலே ஆகியோர் இதைப் புள்ளியியலுக்கு நீட்டினர். மறைந்த திசையில் சில மாறிகளே பங்குபெறும் சூழலில், குறிப்பிட்ட வலிமைக்குக் கீழுள்ள ஒழுங்கை விரைவாகக் கண்டறியும் முறை இருந்தால், புதைத்த குழுவையும் விரைவாகக் கண்டறிந்துவிடலாம் என்று அவர்கள் நிறுவினர். ஒன்று கடினமென்றால் மற்றதும் கடினம்.

எல்லைக்குக் கீழே

ஐகன் மதிப்பு எதையும் காட்டாத இடத்தில் வேறு முறைகள் காட்டுமா என்ற கேள்விக்கு விடை சூழலைப் பொறுத்தது. 2013இல் ஒனாட்ஸ்கி, மொரெய்ரா, ஹாலின் ஆகியோர், எல்லா ஐகன் மதிப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை, எல்லைக்குக் கீழும் தற்செயலைவிடச் சற்று நன்றாகச் செயல்படும் என்று காட்டினர். ஆனால் உறுதியான விடை அதனால் கிடைப்பதில்லை. 2018இல் பெர்ரி, வைன், பண்டெய்ரா, மொய்த்ரா ஆகியோர் இதை விரிவாக ஆராய்ந்தனர். இரைச்சல் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றி, மறைந்த திசையும் எந்தச் சாய்வுமின்றி அமைந்தால், ஐகன் மதிப்பின் எல்லையே தகவலின் எல்லையாகவும் இருக்கிறது. இரைச்சல் வேறு பரவலைப் பின்பற்றினால், ஒவ்வோர் உறுப்பையும் தக்கதொரு சார்பால் மாற்றிய பிறகு ஐகன் மதிப்பைக் கண்டால் எல்லை கீழிறங்கும். மறைந்த திசையில் மிகச் சில உறுப்புகளே சுழியல்லாதவை என்று முன்கூட்டியே தெரிந்தாலும் தகவலின் எல்லை கீழிறங்கும். ஆனால் அங்கே விரைவான வழி தெரியவில்லை.

முக்கியத்துவம்

இம்முடிவுகளின்படி, தரவை ஆய்பவரின் முன் மூன்று பகுதிகள் உள்ளன: ஒழுங்கு விரைவாகத் தெரியும் பகுதி, தகவல் இருந்தும் விரைவான வழி அறியப்படாத பகுதி, எந்த முறையாலும் உறுதியாகக் காண இயலாத பகுதி. முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையிலான கோடு எல்லா முறைகளுக்கும் பொருந்தும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. புதைத்த குழுவைத் தேட விரைவான வழியே இல்லை என்று எவரேனும் நிபந்தனையின்றி நிறுவினால், கணினி அறிவியலின் பெரிய திறந்த கேள்வியான பி, என்பி சிக்கலுக்கும் அதிலிருந்து விடை கிடைத்துவிடும். எனவே அச்சான்று எளிதில் வாய்க்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

நடைமுறையில் இந்த வரலாறு தரும் பாடம் எளிமையானது. ஐகன் மதிப்புகளைப் பார்த்து முடிவு சொல்வதற்கு முன், அதே அளவுள்ள வெறும் இரைச்சலில் பட்டை எதுவரை நீளும் என்று கணக்கிட வேண்டும். பட்டைக்குள் இருக்கும் ஒன்றைப் போக்கு என அறிவிப்பது பிழை. பட்டைக்கு வெளியே எதுவும் இல்லை என்பதால் போக்கே இல்லை என அறிவிப்பதும் அதே அளவு பிழை. எத்தனை மாறிகள், எத்தனை மாதிரிகள் என்பதைச் சொல்லி, அத்தரவில் எவ்வளவு வலிமையான ஒழுங்கு வரை தெரியக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதே அம்முடிவு முழுமை பெறுகிறது.